காய்கறியும் உணவே: ஏழுக்கு இரண்டு

போர்ட் வெண்டில் வட்டாரச் சுற்றுலா மேம்பாட்டு ஆணையம், பதினோரு மாத ஆய்வுக்கும், மூன்று துணைக்குழுக்களின் அறிக்கைக்கும், ஒரு வெளியூர் ஆலோசகரின் படக்காட்சிக்கும் பிறகு, தன் நாற்பத்து மூன்றாவது சிறப்புக் கூட்டத்தில், ஏழுக்கு இரண்டு என்ற வாக்குக் கணக்கில், காய்கறியும் உணவுதான் என்று தீர்மானித்தது. நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குக் கிடைக்காத கைதட்டல் ஆணையத் தலைவருக்குக் கிடைத்தது. எதிர்த்து வாக்களித்த இருவரில் ஒருவர் ஊர்க் கசாப்புக்கடைக்காரர். இன்னொருவர், வாக்கெடுப்பு படகுத்துறைக் கழிப்பறையைப் பற்றியது என்று நினைத்துக் கை தூக்கியவர். விஷயம் தெரிந்த பிறகும் கையை இறக்கவில்லை.

தீர்மானத்தின்படி அந்தக் கடற்கரை முழுவதும் இனி 'சைவ நேச விடுமுறை வட்டாரம்' என்று அழைக்கப்படும். வட்டார எல்லையில் 'மாட்டிறைச்சித் தலைநகரம் உங்களை வரவேற்கிறது' என்று ஏற்கெனவே ஒரு பலகை இருந்தது. அதை எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்றை நட்டார்கள். பழையதன் நிழல் புதியதன் மேல் விழுந்தது.

இந்தச் செய்தியை, கடலிலிருந்து நானூறு கிலோமீட்டர் உள்ளே, யர்ராபின் என்ற காய்ந்த ஊரில், காலைத் தேநீரோடு படித்தார் லின்ட்சே ட்ரெவின். வயது அறுபத்தேழு. முப்பத்தெட்டு வருஷம் தண்ணீர்க் குழாய் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். படித்ததை மடித்து வைத்தார். பிறகு பிரித்து இன்னொரு தடவை படித்தார். குழாய் வேலையில் பழகிய ஆள், ஓட்டை எங்கே என்று தேடாமல் ஒரு செய்தியை நம்பியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

நம்பியதற்குக் காரணம் உண்டு. அவருடைய மனைவி மெர்ல் இறைச்சியை விட்டது இருபத்திரண்டு வயதில். அப்போது மாடு அறுக்கும் ஓர் இறைச்சிக் கூடத்தின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. ஒருநாள் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தை எடுத்துக்கொண்டு, அலுவலகத்துக்காரர்கள் போகாத ஒரு கதவு வழியாகப் போனார். கையெழுத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். காகிதத்தை மேசையில் வைத்தார். வேலையை விட்டார். உள்ளே என்ன பார்த்தார் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. லின்ட்சே கேட்டதும் இல்லை. அவர் இறைச்சி சாப்பிடுகிறவர்தான். ஆனால் வீட்டில் மெர்ல் எதைச் சமைத்தாலும் அதுதான் சாப்பாடு என்பதில் அவருக்குக் குறை இருந்ததில்லை.

குறை வெளியே போனால்தான். கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை கடலோரம். லின்ட்சேக்குக் கடல் இல்லாமல் முடியாது. மீன் கிடைக்காவிட்டாலும் தூண்டிலோடு உட்கார வேண்டும். பக்கத்தில் மெர்ல் புத்தகம் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பசித்தால், சாப்பாடு போடும் எந்த ஊர்க் கிளப்புக்குப் போனாலும் மெர்லுக்கு வருவது ஒன்றுதான்: சிப்ஸ். விரல் தடிமனில் வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, மேலே உப்பு, ஓரத்தில் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு இலை.

போன கோடையில் அப்படியொரு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மெர்ல் சொன்னார்: "லின், இனிமே நீ மட்டும் போயிட்டு வா. நான் வீட்லயே இருந்துக்கறேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. நாப்பத்தோரு வருஷமா ஊர் ஊராப் போய் ஒரே தட்டத்தான் சாப்பிடறேன். கடல் மட்டும்தான் மாறுது."

அதனால்தான் லின்ட்சே செய்தித்தாளை மெர்ல் முன்னால் விரித்தார்.

"ஒரே ஒரு வாரம். உன் தட்டுல ஒரு சிப்ஸ்கூட விழாது. விழுந்துச்சுன்னா அப்புறம் உன்ன எங்கயும் கூப்பிட மாட்டேன். வாயே திறக்க மாட்டேன்."

மெர்ல் செய்தியைப் படித்தார். "தலைவரோட போட்டோவப் பாத்தியா? கழுத்துல மாட்டுத் தலை போட்ட டை."

"டையையா சாப்பிடப் போற?"

"எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தார். மெர்ல் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். லின்ட்சே அன்று மாலையே போய், நீலத் துணி போட்ட மடக்கு நாற்காலிகள் இரண்டு வாங்கி வந்தார். கடலுக்கு முன்னால் போட.

*

ஆணையத்துக்குத் தொலைபேசியில் பேசினால் எடுப்பவர் கெர்ரி-ஆன் பாஸ்கோ. பதவி, சைவ வருகையாளர் ஒருங்கிணைப்பாளர். போன மாதம் வரை அவர் குப்பைத்தொட்டி ஒருங்கிணைப்பாளர். ஒருங்கிணைப்பு ஒருவருக்குக் கைவந்துவிட்டால் எதை ஒருங்கிணைக்கிறோம் என்பது முக்கியமில்லை.

"லின்ட்சே, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க முடிவ நாங்க மனசார மதிக்கிறோம்."

"முடிவு என்னோடது இல்லைங்க. என் மனைவியோடது."

"அவங்களோட வாழற உங்களையும் மதிக்கிறோம்."

"நன்றி. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். அவ சாப்பிடற மாதிரி அங்க என்ன கெடைக்கும்?"

"அருமையான கேள்வி. அதுக்குன்னே ஒரு துணைக்குழு இருக்கு."

"கெடைக்குமா?"

"படிவம் அனுப்பறேன்."

பதினான்கு பக்கப் படிவம் வந்தது. ஐந்தாம் கேள்வி: சைவம் முதன்முதலில் எப்போது கவனிக்கப்பட்டது? ஆறு: குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா? ஒன்பது: பார்பெக்யூ புகை படும்போது தலைசுற்றல், கோபம், அறிவுரை சொல்லும் உந்துதல் ஆகியவற்றில் எது ஏற்படும்? கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில், தங்கியிருக்கும் காலத்தில் குணமாகிவிட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் என்று இருந்தது.

படிவத்தோடு சத்தியப் பத்திரம் ஒன்றும் இணைக்க வேண்டும், சாட்சிக் கையெழுத்தோடு. மெர்ல் ஊர் மருந்துக்கடைக்காரர் கிராண்ட் ஓல்டிங்கிடம் போனார். பத்திரங்களுக்குச் சாட்சி போடும் உரிமை மருந்துக்கடைக்காரருக்கு உண்டு. அவர் அந்த உரிமையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர் இல்லை.

"இறைச்சி உண்பதில்லைன்னு சத்தியம் பண்றீங்க, மெர்ல். சரி. கோழி?"

"இல்ல."

"மீன் பரவால்லையா?"

"இல்ல, கிராண்ட்."

"சூப்புல, சும்மா வாசனைக்கு?"

"இருபது வருஷமா உங்ககிட்டதான் மாத்திரை வாங்கறேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்க குடுக்கற பன்னித்தொடை ஹாம் எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?"

கிராண்ட் முத்திரையைக் கையில் எடுத்தார். "உங்க பக்கத்து வீட்டு நாய் ஏன் என்னப் பாத்தா மட்டும் வாலாட்டுதுன்னு இப்பத்தான் புரியுது" என்றார். முத்திரை விழுந்தது. தேவைக்கு அதிகமான அழுத்தத்தோடு விழுந்தது.

மூன்று வாரம் கழித்து ஆணையத்திலிருந்து பதில். வந்த விண்ணப்பங்கள் அனைத்தையும் கவனமாகப் பரிசீலித்ததில், திருமதி மெர்ல் ட்ரெவின் வட்டாரத்தின் முதல் அதிகாரபூர்வ சைவ விருந்தாளியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். வந்த விண்ணப்பங்கள் எத்தனை என்று லின்ட்சே தொலைபேசியில் கேட்டார். "ஒண்ணு" என்றார் கெர்ரி-ஆன். "ஆனா போட்டி கடுமையா இருந்திச்சு."

பிறகு தலைவரே அவர்கள் வீட்டுக் கணினித் திரையில் தோன்றிப் பேசினார். க்ளைவ் ஹெப்பர்ன். வட்டாரத்தின் மாட்டுக் கொட்டில்கள் அவருடையவை, இறைச்சிக் கூடம் அவருடையது, ஆணையக் கூட்டம் நடக்கும் கிளப்பில் பாதி அவருடையது. மீதிப் பாதி அவர் தம்பியுடையது.

"மெர்ல், லின்ட்சே, ஊர்ல சில பேரு சொல்றாங்க, இந்த க்ளைவுக்குச் சைவத்தப் பத்தி என்ன தெரியும்னு. நான் ஒண்ணு சொல்றேன். என் கொட்டில்ல ரெண்டாயிரத்து நானூறு மாடு இருக்கு. அத்தனையும் சைவம். ஒண்ணுகூட வழுவினதில்ல. அதுங்களுக்கு நேரத்துக்குத் தீனி, நேரத்துக்குத் தண்ணி, வெயில் பட்டா நிழல். சைவம் சாப்பிடறவங்கள எப்படிப் பாத்துக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். எங்ககிட்ட வந்தவங்க யாரும் இதுவரைக்கும் குறைன்னு திரும்பிப் போனதில்ல."

திரை அணைந்தது. மெர்ல் அணைந்த திரையைச் சுட்டிக்காட்டினார்.

"திரும்பிப் போனதில்லைன்னு சொன்னான், கவனிச்சியா?"

"அவன் ஒரு அர்த்தத்துல சொல்றான், நீ ஒரு அர்த்தத்துல எடுத்துக்கற" என்றார் லின்ட்சே. ஆனால் படுக்கப் போகும் முன் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

*

பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை கிளம்பினார்கள். மெர்ல் ஆணையத்தை நம்பவில்லை, தோட்டத்தை நம்பினார். தக்காளி, கத்திரிக்காய், குடைமிளகாய், எலுமிச்சை, பக்கத்து வீட்டு வெண்ணெய்ப்பழம் என்று இரண்டு பெட்டி, கூடவே ஒரு சாக்கு உருளைக்கிழங்கு. நாற்காலிகள் பின்சீட்டில்.

வட்டார எல்லைக்கு இருபது கிலோமீட்டர் முன்னால் பழ ஈ தடுப்புச் சாவடி. இவர்களுக்கு முன்னால் நின்ற வண்டியின் ஐஸ்பெட்டியில் அரை ஆடு இருந்தது. காவல் பெண்மணி மூடியைத் திறந்து பார்த்து, "நல்ல ஆடு" என்று சொல்லி அனுப்பினார். அடுத்தது இவர்கள். காவல் பெண்மணிக்கு ஆரஞ்சு மேலங்கி, ஐம்பது வயது, களைத்த முகம். இரண்டு பெட்டியையும் வெளியே எடுத்தார்.

"இது எதுவும் போக முடியாது."

லின்ட்சே ஆணையத்தின் கடிதத்தைக் காட்டினார். "சைவ நேச வட்டாரத்துக்குத்தாங்க போறோம். இவதான் அதிகாரபூர்வ விருந்தாளி."

"வாழ்த்துகள். ஆனா தக்காளியில பழ ஈ இருந்தா மாவட்டமே காலி."

"அப்ப அந்த ஆட்டுல?"

"இறைச்சிய அது தொடாதுப்பா. சுத்த சைவம்." பெட்டியைத் தொட்டியில் கவிழ்த்தபடி பெண்மணி சொன்னார்: "இந்தப் பக்கம் வர்றதுல சுத்த சைவம் அந்த ஈ ஒண்ணுதான். அதத்தான் நாங்க உள்ள விடறதில்ல."

மெர்லின் ஒரு வருஷத் தோட்டம் நீல நிறத் தொட்டிக்குள் போனது. பெண்மணி சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்.

"உருளைக்கிழங்கா? தாராளமா கொண்டு போங்க."

வண்டி கிளம்பிப் பத்து கிலோமீட்டர் ஓடியது. பிறகு மெர்ல் சொன்னார்: "லின், எனக்கு இதுல ஒரு திட்டம் தெரியுது."

"அது பூச்சிச் சட்டம், மெர்ல்."

"நான் பூச்சியச் சொல்லல."

*

தங்கும் விடுதி வாசலில் கெர்ரி-ஆன் காத்திருந்தார். கையில் இரண்டு பச்சை மேலங்கிகள். ஒன்றின் முதுகில் பெரிய எழுத்தில் 'சைவம்'. லின்ட்சேக்கான மற்றதில் 'சைவத்துடன் வந்தவர்'.

"எதுக்குங்க இது?"

"பாதுகாப்புக்கு. நீங்க ஓட்டலுக்குள்ள திடீர்னு நுழைஞ்சா சமையல்காரங்க பதறிடக் கூடாது பாருங்க. தூரத்துலயே தெரிஞ்சா மனசத் தயார் பண்ணிக்குவாங்க."

அறையின் பெயர் 'சைவ நேச அறை'. மற்ற அறைகளில் மாட்டுப் படம். இதில் கேரட் படம். மற்றபடி ஒரு கெட்டில், ஒரு ரொட்டி வாட்டும் கருவி. அடுப்பு கிடையாது, முன்பு இருந்த சிறிய அடுப்பை, சைவ விருந்தாளி தானாகச் சமைத்துக்கொண்டால் ஆணையத்தின் வெற்றியை அளக்க முடியாது என்ற காரணத்தால், எடுத்துவிட்டிருந்தார்கள்.

"பரவால்ல" என்றார் லின்ட்சே. "கடையில ஏதாவது வாங்கிட்டு வந்துடறேன்."

ஊரில் காய்கறி விற்பது ஒரே ஒரு கடை. அலமாரிகள் துடைத்து வைத்ததுபோல் இருந்தன. வெங்காயத் தோல் ஒன்று மட்டும் கிடந்தது. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாத்தையும் ஆணையம் வாங்கிட்டுப் போயிடுச்சு. நாளைக்கு சைவ விருந்தாளிய வரவேற்கற விழாவுக்கு."

லின்ட்சேக்கு மனம் குளிர்ந்தது. விருந்துக்குத்தானே வாங்கியிருப்பார்கள். விழா நடக்கவிருந்த கிளப் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். வாசலில் நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு வளைவு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், கேரட், பூசணி எல்லாம் கம்பியில் கோக்கப்பட்டு, வெயிலில் பளபளவென்று மின்னின. அவர் ஒரு பீன்ஸை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றார் பின்னால் வந்த கெர்ரி-ஆன். "வார்னிஷ் இன்னும் காயல."

"வார்னிஷா?"

"போட்டோவுல பளிச்னு விழணும்ல. பத்து வருஷம் ஆனாலும் கெடாதுன்னு பெயிண்ட்காரர் உத்தரவாதம் குடுத்திருக்கார்."

அங்கீகாரம் பெற்ற உணவகங்களின் பட்டியலில் இரண்டு பெயர் இருந்தன. முதலாவது, செவ்வாய் மட்டும் திறக்கும். இரண்டாவது ரொட்டிக்கடை, அங்கே 'சைவ நேசப் பொட்டலம்' என்று, மாவுக்குள் அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்று, ஆணையத்தின் இலைச் சின்னம் எண் இரண்டோடு இருந்தது. மெர்ல் பாதியாகப் பிட்டார். உள்ளே அரைத்த மாட்டிறைச்சி, நடுவில் நான்கு பட்டாணி.

லின்ட்சே அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஆணைய அலுவலகத்துக்குப் போனார். கெர்ரி-ஆன் கையேட்டைப் புரட்டிக் காட்டினார். பக்கம் இருபத்தேழு. விளக்கம் நான்கு: சைவ உணவு எனப்படுவது, இறைச்சி கண்ணுக்குத் தெரியாத உணவு.

"வெளியிலேர்ந்து பாத்தா தெரியலையே, லின்ட்சே. பிட்டா தெரியும். பிட்டுப் பாக்கறது உங்க விருப்பம்."

"சாப்பிடணும்னா பிட்டுத்தாங்க ஆகணும்."

"அத ஆலோசனையா எழுதிக்கறேன்."

அன்று சாயங்காலம் அறையில் வாட்டிய ரொட்டியும் ஜாமும் தேநீரும். லின்ட்சே தட்டைச் சுட்டிக்காட்டினார்.

"ஒரு விஷயம் கவனிச்சியா? சிப்ஸ் இல்ல."

மெர்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. முதல் நாள் உனக்கு. கடலுக்கு எப்பப் போறோம்?"

"நாளைக்கு. விழா முடிஞ்ச கையோட. நாற்காலியப் போட்டு உக்காந்தா ராஜா ராணிதான்."

*

சனிக்கிழமை மதியம் விழா. கிளப் மண்டபத்தில் இருநூறு பேர். மேடையில் ஆணையத்தார் ஒன்பது பேரும், நடுவில் பச்சை மேலங்கியோடு மெர்லும். ஒவ்வொருவராக எழுந்து மெர்லைப் பாராட்டினார்கள். இப்படி ஒரு குறையை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வண்டியில் வந்த துணிச்சலைப் புகழ்ந்தார் ஒருவர். தன் அத்தைக்கும் இதே பிரச்சினை இருந்ததாகவும் கடைசியில் சரியாகிவிட்டதாகவும் சொன்னார் இன்னொருவர். கசாப்புக்கடைக்காரர், எதிர்த்து வாக்களித்ததில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை என்று சொல்லிக் கை குலுக்கினார்.

அடுத்து நிதி திரட்டல். சைவ நேசத் திட்டத்துக்கு நிதி வேண்டும். அந்த வட்டாரத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டாலும், தீயணைப்பு வண்டிக்குச் சக்கரம் மாற்றினாலும், நிதி திரட்ட ஒரே வழிதான்: இறைச்சித் தட்டுக் குலுக்கல். சீட்டு வாங்கினால், பரிசு ஒரு பெரிய தட்டு நிறைய இறைச்சி. வேறு வழி இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே வட்டாரத்தைச் சைவ நேசமாக்கும் திட்டத்துக்காக, எட்டுக் கிலோ மாட்டிறைச்சி, ஆட்டுத் தொடை, இரண்டு சரம் சாசேஜ், பிளாஸ்டிக் காகிதத்துக்குள் வியர்த்துக்கொண்டு மேடைக்கு வந்தது. சீட்டை எடுக்க மெர்லை அழைத்தார்கள்.

மெர்ல் வாளிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். கெர்ரி-ஆன் எண்ணைப் படித்தார். யாரும் எழவில்லை. இன்னொரு தடவை படித்தார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது, அதிகாரபூர்வ விருந்தாளிக்கு மரியாதையாக ஒரு சீட்டு இலவசமாகச் சேர்க்கப்பட்டிருந்தது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டைத் தூக்கி மெர்லின் கையில் வைத்தார்கள். பத்திரிகைக்காரர், "கொஞ்சம் உசத்திப் பிடிங்க, தொடை தெரியல" என்றார். மெர்ல் லின்ட்சேயைப் பார்த்தார். அந்தப் பார்வையை லின்ட்சே முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு, அந்த அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்த அன்று.

கடைசியாக விருந்து. க்ளைவ் ஹெப்பர்ன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இப்ப வரப்போறது இந்த வட்டாரத்தோட முதல் அங்கீகரிக்கப்பட்ட சைவ உணவு. இதுக்குப் பின்னால பதினோரு மாச உழைப்பு இருக்கு. மூணு துணைக்குழு ருசி பாத்தது. இலைச் சின்னம் எண் ஒண்ணு. மெர்ல், உங்களுக்காக."

வெள்ளி மூடி போட்ட தட்டு வந்தது. மூடியைக் கெர்ரி-ஆன் திறந்தார்.

சிப்ஸ்.

ஓரத்தில் ஒரு இலை.

லின்ட்சே கண்ணை மூடிக்கொண்டார். மெர்ல் வளர்ந்த விதம் அப்படி, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விருந்து கொடுத்தவரை அவமானப்படுத்த முடியவில்லை. ஒன்றை முள்கரண்டியால் எடுத்துக் கடித்தார். மென்று விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றார் க்ளைவ்.

"மொறுமொறுன்னு இருக்கு."

"ரகசியம் சொல்லட்டுமா?" க்ளைவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "மத்தவன்லாம் ஏதோ விதை எண்ணெயில போடறான். நாங்க எங்க கூடத்துலேர்ந்தே உருக்கின மாட்டுக் கொழுப்புல போடறோம். கலப்படம் கிடையாது. நூத்துக்கு நூறு."

மெர்ல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"எத்தன வருஷமா?"

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து. இங்க மட்டுமில்ல மெர்ல், இந்தக் கடலோரத்துல சிப்ஸ் நல்லா இருக்குன்னு பேர் வாங்கின எந்தக் கிளப்பும் எங்க கொழுப்புதான். நீங்க எங்கெங்க போயிருக்கீங்க, சொல்லுங்க பாப்போம்."

"காலன் பே."

"நம்மளோடது."

"மர்ரோ ஹெட்ஸ்."

"நம்மளோடது."

"டன்ராக் பாயின்ட்டுக்கு ஆறு தடவ போயிருக்கோம்."

"அங்க வாராவாரம் ரெண்டு டிரம் போகும்."

மெர்ல் தட்டைத் தள்ளி வைத்தார். "லாரி வளைகுடா. எங்க கல்யாணத்துக்கு மறுநாள். நாப்பத்தோரு வருஷம் முந்தி."

"அது எங்க அப்பா காலம்" என்றார் க்ளைவ், ஒலிபெருக்கியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, பெருமையோடு. "அதுவும் நம்மளோடதுதான்."

கைதட்டினார்கள்.

கெர்ரி-ஆன் குனிந்து மெல்லிய குரலில் விளக்கினார்: "பக்கம் இருபத்தேழு. கண்ணுக்குத் தெரியலைல்ல?"

லின்ட்சே எழுந்தார். முப்பத்தெட்டு வருஷம் குழாயோடு பேசிய மனிதர். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஒலிபெருக்கியும் அவரிடம் இல்லை. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

"ஒரு தட்டு பீன்ஸ். தண்ணியில போட்டு வேகவெச்சு உப்புப் போட்டாப் போதும். ஆறு நிமிஷ வேலை. அதுக்குக் குழு வேண்டாம், மேலங்கி வேண்டாம், கையேடு வேண்டாம். ஊர்ல இருந்த அத்தன பீன்ஸையும் வாங்கி வார்னிஷ் அடிச்சு வாசல்ல தொங்க விட்டிருக்கீங்க. இவ இருபத்திரண்டு வயசுல ஒரு முடிவு எடுத்தா. ஒருத்தருக்கும் புத்தி சொன்னதில்ல. யாரு தட்டையும் எட்டிப் பாத்ததில்ல. என் தட்டைக்கூட. அவ கேட்டதெல்லாம் அவ தட்டுல பொய் இருக்கக் கூடாதுங்கறது ஒண்ணுதான். நாப்பத்தோரு வருஷமா பொய்யப் பொரிச்சுப் போட்டிருக்கீங்க. அதச் சொல்லிட்டுக் கைதட்டறீங்க."

ஆணையத்தின் செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது: 'விருந்தாளியின் கணவர் பீன்ஸ் குறித்து ஆர்வம் தெரிவித்தார்.'

"நண்பா" என்றார் க்ளைவ், உண்மையான வருத்தத்தோடு. "கொழுப்பு சாப்பாடு இல்லைப்பா. அது வெறும் எண்ணெய்."

மெர்ல் பச்சை மேலங்கியைக் கழற்றினார். மடித்து, இறைச்சித் தட்டின் மேல் வைத்தார், அங்கே ஏதோ தூங்குவதுபோலவும் அதற்குப் போர்த்துவதுபோலவும். பிறகு லின்ட்சேயின் கையைப் பிடித்துக்கொண்டு, வார்னிஷ் அடித்த வளைவுக்குக் கீழே நடந்து வெளியே போனார்.

வண்டி கடற்கரைச் சாலை வழியாகத்தான் போயாக வேண்டும். வெயில் நன்றாக இருந்தது. மணல் வெள்ளையாக இருந்தது. பின்சீட்டில் நாற்காலிகள் ஒன்றோடொன்று உரசிக் கிறீச்சிட்டன.

"கொஞ்ச நேரம் நிறுத்தட்டுமா?" என்றார் லின்ட்சே.

"வேண்டாம் லின். வாய் கழுவணும். வீட்டுக்குப் போலாம்."

நானூறு கிலோமீட்டரும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு வந்தார். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தை லின்ட்சேதான் எடுத்தார்.

ஆணையத்தின் ஆண்டறிக்கை ஜூனில் வெளியானது. முதல் ஆண்டிலேயே சைவ வருகை நூறு சதவீதம் உயர்ந்திருப்பதாகவும், வந்த சைவ விருந்தாளிகளில் இறைச்சித் தட்டு பெற்றவர்களின் விகிதம் அசைவர்களைவிடப் பல மடங்கு அதிகமென்றும், விருந்தாளி ஒருவர் தன் மண வாழ்வின் இனிய நினைவுகள் அனைத்தும் இந்த வட்டாரத்தின் தயாரிப்போடு பின்னிப் பிணைந்திருப்பதைக் கண்டு பேச்சற்றுப் போனதாகவும் அதில் இருந்தது. அட்டையில் மெர்லின் படம், ஆட்டுத் தொடையோடு. மாநில அளவிலான விருந்தோம்பல் விருதை க்ளைவ் ஹெப்பர்ன் தலைநகரில் பெற்றுக்கொண்டார். அடுத்த இலக்கு, உலகின் மிகப் பெரிய கண்ணாடியிழைக் கத்திரிக்காய். பதினெட்டு மீட்டர், உள்ளே ஏறிப் பார்க்கலாம், உச்சியில் மாட்டிறைச்சி ஸ்டேக் உணவகம். திறப்பு விழாவுக்கு ட்ரெவின் தம்பதிக்குப் பச்சை ஓரம் போட்ட அழைப்பிதழ் வந்தது. கூடவே பதினான்கு பக்கப் படிவம், புதுப்பிப்பதற்காக.

"நீ போயிட்டு வா லின், வேற எங்கயாவது" என்றார் மெர்ல், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "மீன் பிடி. நான் இங்க இருக்கேன்."

யர்ராபின் கடைத்தெரு அறிவிப்புப் பலகையில், நீலத் துணி போட்ட மடக்கு நாற்காலி ஒன்று விற்பனைக்கு இருப்பதாக லின்ட்சேயின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது.